காப்பி அடிக்கிறவங்களப் பிடிக்கப் போன கதை: ஜிடிஎம் + ஜிஏ4 காப்பி ட்ராக்கிங், என் ரிவ்யூ

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் சும்மா உக்காந்திருக்கும்போது, நம்ம சமையல் சைட்டோட சொதி பதிவு கூகுள்ல எத்தனாவதா வருதுன்னு பாப்போம்னு தேடுனேன். எனக்கு மேல வேற ஒரு சைட் நிக்குது, உள்ள போனா என் பதிவு. ரெசிபி ஒரே மாதிரி இருந்தா பரவால்ல, திருநெல்வேலி சொதி எல்லார் வீட்லயும் ஒண்ணுதான், முதல் பால் ரெண்டாம் பால் மூணாம் பால்னு எல்லாரும் அதத்தான் எழுதுவாங்க. ஆனா "இஞ்சிப் பச்சடி இல்லாம சொதிய எலையில ஊத்த எங்க ஆச்சி விடவே மாட்டா"ன்னு நான் எழுதுன வரி அப்படியே கெடக்கு, எங்க ஆச்சி இப்ப அவங்க ஆச்சி. அவசரத்துல பாசிப்பருப்புல ஒரு ப்பை விட்டுட்டு தட்டியிருந்தேன், அந்தப் பிழை கூட பத்திரமா குடி போயிருக்கு.

வந்த கோவத்துல எவன் எவன் என் சைட்ல இருந்து என்னென்ன அள்ளிட்டுப் போறான்னு பாத்தே தீரணும்னு கெளம்புனேன். அதுக்கு நான் கடைசியா போட்டது கூகுள் டேக் மேனேஜரையும் (ஜிடிஎம், சைட்ல சின்னச் சின்ன கோடு சொருக உதவுறது) ஜிஏ4-ஐயும் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சைட்டுக்கு வர்றவங்க என்ன பண்றாங்கன்னு கணக்கு காட்டுறது) சேத்து காப்பி ட்ராக்கிங். பல மாசம் ஓட்டிப் பாத்தாச்சு, அதான் இந்த ரிவ்யூ. சின்ன சைட் வச்சிருக்கவங்களுக்காக எழுதுறேன், பெரிய கம்பெனிக்காரங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்.

முதல்ல ரைட் கிளிக் லாக் பத்தி சொல்லிடுறேன், ஏன்னா எல்லாரும் முதல்ல அதத்தான் சொல்றாங்க. தமிழ்மணம் திரட்டி காலத்துல இருந்தே நம்ம ஆளுங்க பிளாக்ஸ்பாட்ல இந்த ஸ்க்ரிப்ட போட்டு வச்சிருப்பாங்க, ரைட் கிளிக் பண்ணா ஒரு டப்பா வந்து மெரட்டும். பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட ஆஃப் பண்ணா அந்தப் பூட்டு தொறந்துடும், அஞ்சு செகண்ட் வேலை. திருடனுக்கு அது தெரியும், நம்மள வாசிக்கிற அக்காமாருக்குத்தான் தெரியாது. அதனால அத நான் தொடல.

அடுத்தது டின்ட். கனடால கால்கரில இருந்து வந்த சர்வீஸ், பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏதாவது ஒரு ஆங்கில செய்தி சைட்ல ரெண்டு வரி காப்பி பண்ணி மெயில்ல ஒட்டுனா, அடியில தானா "ரீட் மோர்"னு ஒரு லிங்க் வந்து உக்காரும், லிங்க் கடைசில ஒரு ஹேஷும் ஐஎக்ஸ்இசட்இசட்னு ஆரம்பிக்கிற ஒரு கோடும் இருக்கும். அது டின்ட் வேலை. நீங்க எத காப்பி பண்ணீங்கன்னு சைட்காரருக்கு ரிப்போர்ட், அந்த லிங்க் வழியா யார் திரும்பி வந்தாங்கன்னும் ரிப்போர்ட். டெக்க்ரன்ச், நியூயார்க்கர் மாதிரி பெரிய சைட்டெல்லாம் போட்டிருந்தாங்க. 2010-ல ஜான் க்ரூபர்ங்கற அமெரிக்க டெக் பதிவர் தன்னோட டேரிங் ஃபயர்பால் சைட்ல இத கழுவி ஊத்துனார், நான் காப்பி பண்ணாத எழுத்த என் கிளிப்போர்டுல நீ ஏன் சொருகுறங்கற அர்த்தத்துல. நியாயமான கேள்விதான். 2012-ல 33அக்ராஸ்ங்கற விளம்பரக் கம்பெனி டின்ட்ட வாங்கிருச்சு. வாங்குனது யாருன்னு பாத்தாலே தெரியும், யார் எத காப்பி பண்றாங்கங்கறது விளம்பரக்காரங்களுக்கு காசு. நம்ம வாசகர் சமையல்ல எதத் தேடுறாங்கன்னு ஒரு விளம்பரக் கம்பெனிக்கு நான் ஏன் ஓசில எழுதிக் குடுக்கணும்னு அதையும் விட்டேன். (ஜிஏ4 மட்டும் என்ன, கூகுளும் விளம்பரக் கம்பெனிதானன்னு கேப்பீங்க. ஆமா. ஏற்கனவே அது என் சைட்ல இருக்கு, புதுசா இன்னொருத்தர வீட்டுக்குள்ள விடல, அவ்ளோதான் என் சமாதானம். இது கூட வேணாம்னா மட்டோமோன்னு இன்னொரு அனலிட்டிக்ஸ் சாஃப்ட்வேர் இருக்கு, உங்க சர்வர்லயே போட்டுக்கலாம், டேட்டா வெளிய போகாது, ஆனா சர்வர நீங்கதான் கட்டி மேய்க்கணும்.)

சரி, இது எப்படி வேலை செய்யுதுன்னா, நீங்க ஒரு பக்கத்துல எழுத்த செலக்ட் பண்ணி கன்ட்ரோல் சி அடிச்சாலோ, போன்ல அமுக்கிப் பிடிச்சு காப்பின்னு தொட்டாலோ, பிரவுசர் "காப்பி"ன்னு ஒரு ஈவென்ட்ட (இப்படி ஒண்ணு நடந்துச்சுங்கற சேதி) கெளப்பும். அந்த நேரத்துல எது செலக்ட் ஆகியிருக்குன்னு கேட்டா பிரவுசரே சொல்லிடும். டேக் மேனேஜர்ல கஸ்டம் எச்டிஎம்எல் டேக் ஒண்ணு போட்டு, அந்த ஈவென்ட்டுக்குக் காது குடுத்து, வந்த எழுத்த டேட்டா லேயர்ல (டேக் மேனேஜர் படிக்கிற தகவல் பெட்டி) தள்ளி, அங்கருந்து ஜிஏ4-க்கு ஒரு ஈவென்ட்டா அனுப்பணும். கோடு மொத்தமே பத்து பதினஞ்சு வரிதான். சென்னைல வெப் வேலை பாக்குற என் தம்பி ஃபோன்லயே சொல்லிக் குடுத்தான், நடுவுல குக்கர் விசிலுக்கு எந்திரிச்சுப் போன நேரத்தையும் சேத்து ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. காசு ஒரு பைசா செலவில்ல.

நான் சொதப்புன எடம் இதுக்கு அப்புறம். ஈவென்ட்டோட போற அந்த எழுத்த ரிப்போர்ட்ல பாக்கணும்னா ஜிஏ4 அட்மின்ல அதுக்குன்னு கஸ்டம் டைமென்ஷன் (ரிப்போர்ட்ல நமக்குன்னு ஒரு தனி கட்டம்) பதிஞ்சு வைக்கணும். தம்பி சொன்னான், நான் உம் கொட்டுனேன், பண்ணல. ஒரு வாரம் கழிச்சு ஆசையா தொறந்தா, காப்பி எத்தனை தடவை நடந்துச்சுன்னு எண்ணிக்கை இருக்கு, என்ன காப்பி பண்ணாங்கங்கறதுக்கு ரிப்போர்ட்ல எடமே இல்ல. அப்புறமா பதிஞ்சாலும் பழசுக்கு வராது, பதிஞ்ச நாள்ல இருந்துதான் சேரும், அதுவும் ரிப்போர்ட்ல தலை காட்ட ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். ஆக அந்த ஒரு வாரம் போனது போனதுதான். தப்பு என்னோடது, ஆனா இத இவ்ளோ உள்ள ஒளிச்சு வைக்கவும் வேணாம்.

அடுத்தது தமிழ்ல எழுதுறவங்களுக்குன்னே இருக்கிற தொல்லை, இத எங்கயுமே யாரும் எழுதி நான் பாக்கல. ஜிஏ4-ல ஒரு பாராமீட்டருக்கு (ஈவென்ட்டோட போற ஒரு தகவல்) 100 கேரக்டர்தான் எடம், மிச்சத்த வெட்டிடும். இங்கிலீஷ்ல 100 கேரக்டர்னா ஒண்ணரை வாக்கியம் வரும். நமக்கு? "தேங்காய்ப்பால்"னு எழுதிப் பாருங்க, நம்ம கணக்குல ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் கணக்குல பதினாலு, ஏன்னா தே-ல த தனி ஏகாரக்குறி தனி, ங்-ல ங தனி புள்ளி தனி. அந்த வார்த்தைல ஒரு எழுத்து கூட ஒத்தையா நிக்கல, எல்லாத்துக்கும் ஒரு வாலு. நூறுல கிட்டத்தட்ட பாதி வாலுக்கே போயிடுது. அதுலயும் கொடுமை, வெட்டு சரியா எழுத்துக்கும் குறிக்கும் நடுவுல விழுந்தா "பால்"ங்கறது "பால"ன்னு முடியும், "பாலு"ங்கறதும் "பால"ன்னு முடியும். நம்ம ரிப்போர்ட்ட நாமளே பதம் பிரிச்சுப் படிக்கணும்.

இதுக்கு தம்பி சொன்ன வழிதான் உருப்படி. முழு எழுத்த அனுப்பாத, காப்பி பண்ண எடத்துக்கு மேல இருக்கிற தலைப்பு என்னன்னு அனுப்பு (தேவையான பொருட்கள், செய்முறை, குறிப்பு), மொத்தம் எத்தனை எழுத்து காப்பி ஆச்சுன்னு ஒரு நம்பர் அனுப்பு, எழுத்துல முதல் கொஞ்சத்த மட்டும் அனுப்பு. இந்த மூணும் இருந்தா போதும். முழு எழுத்த அனுப்பாம இருக்க இன்னொரு காரணமும் உண்டு, ஒரு நாளைக்கு 500-க்கு மேல வேற வேற மதிப்பு வர்ற டைமென்ஷன ஜிஏ4 பாரமா பாக்கும், ரிப்போர்ட்ல சிலத "அதர்"னு ஒரே மூட்டையா கட்டிப் போட்ரும். என் சைட்டுக்கு அந்த பயம் இல்ல, நிறைய பேர் வர்ற சைட்டுக்கு உண்டு.

இப்ப நான் பாத்தது என்னன்னு சொல்றேன், இதுக்காகத்தான இவ்ளோ தூரம்.

நான் எதிர்பாத்தது: எவனோ ஒருத்தன் பதிவ மேல இருந்து கீழ வரை இழுத்து காப்பி பண்ணுவான், எண்ணிக்கைல நாலாயிரம் அஞ்சாயிரம் கேரக்டர்னு வரும், நாம கையும் களவுமா பிடிக்கலாம். அப்படி வந்ததே ரொம்ப கொஞ்சம். மிச்சமெல்லாம் பொருள் பட்டியல். "கடலைப்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், உளுந்தம்பருப்பு 1 டேபிள்ஸ்பூன், காஞ்ச மிளகா 6". அதுவும் சாயங்காலம் நாலு மணில இருந்து ஏழு மணிக்குள்ள, பெரும்பாலும் போன்ல. இத எதுக்கு எடுக்குறாங்கன்னு எனக்கு ஒரு வாரம் புரியவே இல்ல. அப்புறம் ஒரு நாள் நானே எங்க வீட்டுக்காரர மளிகைக் கடைக்கு அனுப்பிட்டு அவருக்கு வாட்ஸப்ல லிஸ்ட் அனுப்புறேன், அப்பதான் உறைச்சுது. அடக் கடவுளே, இவங்க யாரும் திருடல, கடைக்குப் போன மனுஷனுக்கு சீட்டு எழுதிக் குடுக்குறாங்க.

ரெண்டாவது ஒத்த வார்த்தை. பத்திக்கு நடுவுல இருந்து ஒரே ஒரு வார்த்தைய எடுக்குறாங்க, அதுவும் திரும்பத் திரும்ப அதே வார்த்தைங்க. மராட்டி மொக்கு. கல்பாசி. சொதி பதிவுல "தலைப்பால்". இதெல்லாம் என்னன்னு தெரியாம கூகுள்ல போட்டுப் பாக்க எடுக்குறாங்க. நான் பாட்டுக்கு உலகத்துக்கே தலைப்பால்னா தெரியும்னு எழுதி வச்சிருக்கேன். ஒரு வார்த்தை அடிக்கடி காப்பி ஆகுதுன்னா அங்க நம்ம விளக்கம் பத்தலன்னு அர்த்தம், இத வேற எந்த ரிப்போர்ட்டும் எனக்கு சொன்னதில்ல. இப்ப தலைப்பால்னு வர்ற எடத்துலயே தண்ணி சேக்காம முதல்ல பிழியிற கெட்டிப்பால்னு போட்டாச்சு, அந்த வார்த்தைய எடுக்குறது குறைஞ்சு போச்சு.

இதுலயே சுவாரஸ்யம் கசகசா. வெள்ளைக் குருமா பதிவுல கசகசாவ எடுக்குறவங்க நிறைய, யாருக்கு கசகசா தெரியாதுன்னு ஆச்சரியமா இருந்துச்சு. நாடு வாரியா பிரிச்சுப் பாத்தா சிங்கப்பூரும் துபாய் பக்கமும். ரெண்டு எடத்துலயும் கசகசாவுக்குத் தடை, போதைப்பொருள் சட்டத்துல வரும், ஊர்ல இருந்து பெட்டில வச்சுட்டுப் போய் மாட்டிக்கிட்டவங்க கதையெல்லாம் கேட்டிருப்பீங்க. பாவம், பதிலுக்கு என்ன போடலாம்னு தேடத்தான் எடுத்திருக்காங்க போல. அன்னிக்கே "வெளிநாட்ல இருக்கவங்க கசகசாவ விட்டுட்டு முந்திரி நாலு கூட சேத்து அரைங்க"ன்னு ஒரு வரி சேத்தேன். பத்து வருஷமா அந்தப் பதிவு கெடக்கு, எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

இன்னொண்ணு, கடை வச்சிருக்கவங்களுக்கு உதவும். எங்க தொடர்பு பக்கத்துல மெயில் ஐடிய தொட்டா மெயில் தொறக்குற மாதிரி வச்சிருக்கேன், அந்த கிளிக் கணக்கப் பாத்து யாருமே நமக்கு எழுத நெனைக்கலன்னு வருத்தப்பட்டுட்டு இருந்தேன். காப்பி ரிப்போர்ட்ல பாத்தா ஐடிய தொடுறவங்கள விட காப்பி பண்றவங்கதான் அதிகம். ஃபோன் நம்பர் போட்டு வியாபாரம் பண்றவங்க இத ஒரு தடவை பாருங்க, உங்க கிளிக் கணக்கு பாதிக் கதைதான் சொல்லும்.

இப்ப வயித்தக் கலக்குன விஷயம். ஒரு நாள் ரிப்போர்ட்ல ஒரு மெயில் ஐடி, என்னோடது இல்ல. யாரோ ஒரு அம்மா கமென்ட் பெட்டில தன்னோட மெயில தட்டி, அதையே அடுத்த கட்டத்துல ஒட்ட காப்பி பண்ணியிருக்காங்க, அத என் டேக் அள்ளிட்டு வந்து அனலிட்டிக்ஸ்ல போட்ருச்சு. காப்பி ஈவென்ட் பதிவுக்குள்ள மட்டும் கெளம்பாது, பக்கத்துல எங்க காப்பி பண்ணாலும் கெளம்பும், டைப் பண்ற பெட்டி உட்பட. குரோம் பெட்டிக்குள்ள செலக்ட் ஆனதையும் எடுத்துக் குடுத்துடும், ஃபயர்ஃபாக்ஸ் குடுக்காது, அதனால ஃபயர்ஃபாக்ஸ்ல மட்டும் டெஸ்ட் பண்ண எனக்கு இது தெரியவே இல்ல. ஆளோட அடையாளம் தெரியிற எதையும் அனலிட்டிக்ஸுக்கு அனுப்பக்கூடாதுன்னு கூகுளே விதி வச்சிருக்கு, நம்ம ஊர்ல 2023-ல தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வேற வந்தாச்சு. விதியோ சட்டமோ இருக்கட்டும், அந்த அம்மாவுக்குத் தெரியாம நான் அத எடுத்தது எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அந்த டேட்டாவ அழிக்க அட்மின்ல வழி இருக்கு, கோரிக்கை குடுத்து அழிச்சேன். இப்ப டேக்க பதிவோட உடம்புக்குள்ள மட்டும் காது குடுக்க வச்சிருக்கேன், எழுத்துல அட் குறி இருந்தாலோ நீளமா நம்பர் இருந்தாலோ எழுத்தையே அனுப்பாது. தனியுரிமைப் பக்கத்துலயும் இப்படி பாக்குறோம்னு ரெண்டு வரி எழுதிப் போட்டாச்சு. நீங்க போடுறதா இருந்தா முதல் நாளே இதச் செய்ங்க.

டின்ட் மாதிரி அடில லிங்க் ஒட்டுறதையும் ஆசைக்கு பத்து நாள் வச்சுப் பாத்தேன். காப்பி பண்ணா கீழ "நன்றி"ன்னு போட்டு என் சைட் பேரும் லிங்க்கும். ஒரு வாசகி மெசேஜ் போட்டாங்க, "அக்கா, நான் எங்க அண்ணாச்சி கடைக்கு வாட்ஸப்ல லிஸ்ட் அனுப்புனேன், கடைசில உங்க லிங்க் போயிருக்கு, இந்தப் பொருள் எங்கிட்ட இல்லையேன்னு அண்ணாச்சி கேக்காரு"ன்னு. சிரிச்சு முடிச்சுட்டு எடுத்துட்டேன்.

அப்ப அந்த சொதித் திருடன்? அவனப் பிடிச்சேனான்னா, இல்ல. இது அதுக்கான சாமானே இல்ல. சைட் சைட்டா அள்ளுறவங்க உக்காந்து கன்ட்ரோல் சி அடிக்கிறதில்ல, ஒரு பாட் (தானா ஓடுற புரோகிராம்) வந்து பக்கத்தோட எச்டிஎம்எல்ல மொத்தமா எடுத்துட்டுப் போயிடும், காப்பி ஈவென்ட்டே கெளம்பாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா தெரியாது. ஆர்எஸ்எஸ் ஃபீட் (புதுப் பதிவ தானா வெளிய அனுப்புற வசதி) வழியா போனா தெரியாது. ஆட் பிளாக்கர் போட்டவங்க, பிரேவ் பிரவுசர்காரங்க கிட்ட பெரும்பாலும் டேக் மேனேஜரே ஓடாது. என் பதிவு காப்பி ஆனதுக்கு கடைசில உதவுனது கூகுளோட காப்பிரைட் புகார் ஃபார்ம்தான், நான் எழுதுன தேதியையும் அந்த விட்டுப்போன ப்பையும் காட்டி அனுப்புனேன், கொஞ்ச நாள்ல அந்தப் பக்கம் தேடல்ல இருந்து போயிருச்சு. ஒண்ணு சொல்லணும், வெறும் பொருள் பட்டியலுக்கு அமெரிக்காவுலயே காப்பிரைட் கெடையாதுன்னு அவங்க காப்பிரைட் அலுவலகம் தெளிவா சொல்லியிருக்கு, நாம சொந்தமா எழுதுன வரிகளுக்குத்தான் உரிமை. ஆக ஆச்சி வரி இருந்ததால பொழச்சேன்.

மார்க் போடணும்னா, திருட்டப் பிடிக்க போடுறீங்கன்னா 5-க்கு 1 கூட இல்ல. வாசகர் எதுல தட்டுத்தடுமாறுறாங்க, எத கையில எடுத்துட்டுப் போறாங்கன்னு பாக்கன்னா 4. ஒரு மார்க்க அந்த 100 கேரக்டருக்காகக் குறைக்கிறேன், இங்கிலீஷ் சைட்டா இருந்தா அரை மார்க்தான் குறைச்சிருப்பேன். தினமும் பாக்காதீங்க, பைத்தியம் பிடிச்சுரும், மாசத்துக்கு ஒரு தடவை போதும். இன்னொண்ணு, ஜிஏ4-ல எக்ஸ்ப்ளோர்ங்கற பகுதில (நாமளே ரிப்போர்ட் கட்டிப் பாக்குற எடம்) டேட்டா ரெண்டு மாசந்தான் நிக்கும், அட்மின்ல போய் 14 மாசம்னு மாத்திக்கோங்க, இல்லன்னா போன தீபாவளிக்கு எந்த பலகாரத்த காப்பி பண்ணாங்கன்னு இந்த தீபாவளிக்குப் பாக்க முடியாது.

இவ்ளோ பேர் பொருள் பட்டியல எடுக்குறாங்கன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு பதிவுலயும் பட்டியலுக்கு மேல "கடைக்கு அனுப்ப" அப்படின்னு ஒரு பட்டன் வச்சேன், தொட்டா லிஸ்ட் மட்டும் காப்பி ஆகும். வச்ச மறு வாரம் ரிப்போர்ட்டத் தொறந்தா பட்டியல் காப்பி அதல பாதாளத்துக்குப் போயிருக்கு. எனக்கு பக்குனு ஆயிருச்சு, பட்டன் புடிக்காம எல்லாரும் ஓடிட்டாங்க போலன்னு தம்பிக்கு ஃபோன் போட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கான். "யக்கா, பட்டன் வழியா கிளிப்போர்டுல எழுதுனா காப்பி ஈவென்ட் வராதுக்கா, அதுக்குத் தனியா ஒரு ஈவென்ட் நீதான் போடணும்". போட்டேன். இப்ப சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா அந்தப் பட்டன் எண்ணிக்கை ஏற ஆரம்பிக்குது, அடுத்த மாசம் அத வாட்ஸப்லயே நேரா தொறக்குற மாதிரி மாத்தணும்.